விறகடுப்புப் புகையும் உடல்நலமும்: விருதுநகர் மாவட்டக் குடும்பங்களுக்கான விளக்கம்

விறகு, சுள்ளி, பருத்திமார், சோளத்தட்டை, வறட்டி, கரி ஆகியவற்றை எரித்துச் சமைக்கும்போது வீட்டினுள் தேங்கும் புகையே வீட்டுப் புகை மாசு எனப்படுகிறது. மூச்சுத்திணறல், நாள்பட்ட இருமல், இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆயினும் தவிர்க்கக்கூடிய காரணம். உங்கள் வீட்டில் மூச்சு நோயாளியோ கர்ப்பிணியோ கைக்குழந்தையோ முதியவரோ இருந்தால், இப்பக்கத்தைச் சமைப்பவர் மட்டுமின்றி வீட்டுச் செலவை முடிவு செய்பவரும் படிக்க வேண்டும்.

முக்கியக் குறிப்புகள்

- எரிவாயு அடுப்பு வாங்குவதால் மட்டும் நன்மை முழுமையடையாது. விறகடுப்பு அணைந்தால்தான் நுரையீரலுக்குச் சேரும் புகை போதிய அளவு குறையும்.
- மண்ணெண்ணெய் அடுப்பும் கரி அடுப்பும் தூய அடுப்புகள் அல்ல.
- பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் உள்ள குடும்பங்களில் திறந்த தீ, புகையோடு தீ விபத்து ஆபத்தையும் கொண்டுவருகிறது.
- இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் அதைப் "புகை இருமல்" என்று விட்டுவிடாமல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

புகையில் என்ன இருக்கிறது?

விறகு முழுமையாக எரிவதில்லை. எரியாமல் எஞ்சுவன நுண்துகள்களாகவும் வாயுக்களாகவும் வெளியேறுகின்றன. அவற்றுள் மிகுந்த தீங்கு தருவது பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள். இதன் விட்டம் 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை சென்று, அங்கிருந்து இரத்த ஓட்டத்தையும் பாதிக்கும்.

இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு வாயு. இதற்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் சேர வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. கரி அடுப்பு புகையின்றிக் கனன்றாலும் இந்த வாயுவை வெளியிடும். எனவே மூடிய அறையில் கரியை எரிப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி அளவு. உடனடியாக அதனை எட்ட இயலாத நாடுகளுக்கு 35 மைக்ரோகிராம் முதல் இடைக்கால இலக்கு. இந்தியாவின் தேசியக் காற்றுத் தர அளவு 40. விறகடுப்பு எரியும் அடுப்பங்கரையில், சமையல் நடக்கும் நேரத்தில் இந்த அளவு பல மடங்கு உயர்கிறது.

இப்புகையால் வரும் நோய்கள் யாவை?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் வீட்டுப் புகை மாசினால் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்தனர். அவர்களில் 2,37,000க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இந்த இறப்புகளில்,

- 32 விழுக்காடு மாரடைப்பு போன்ற இதய நோய்,
- 23 விழுக்காடு பக்கவாதம்,
- 21 விழுக்காடு நிமோனியா போன்ற கீழ்ச் சுவாசத் தொற்று,
- 19 விழுக்காடு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்,
- 6 விழுக்காடு நுரையீரல் புற்றுநோய்.

இப்பட்டியலில் பாதிக்கு மேல் இதயமும் மூளையும் சார்ந்தவை என்பதைக் கவனியுங்கள். புகை என்றால் இருமல் மட்டுமே என்று எண்ணுவது சரியன்று. இரத்த அழுத்தத்திற்கோ இதயத்திற்கோ மருந்து உட்கொள்பவர் இருக்கும் வீட்டிலும் புகையைத் தவிர்ப்பது சிகிச்சையின் ஒரு பகுதியே. கண்புரை, குறைந்த எடையுடன் குழந்தை பிறத்தல் ஆகியவற்றுடனும் இப்புகைக்குத் தொடர்பு உள்ளது.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் புகைபிடிக்கும் ஆண்களுக்கு மட்டுமே வரும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொடாத பெண்களுக்கும், பல ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்ததால் இந்நோய் வருகிறது. படி ஏறும்போது மூச்சு வாங்குதல், காலையில் சளியுடன் இருமல், மூச்சு விடும்போது விசில் போன்ற ஒலி ஆகியவை இதன் அறிகுறிகள். "வயதாகிவிட்டது" என்று இவற்றை ஒதுக்கக்கூடாது.

இம்மாவட்டத்தில் யாருக்குப் பாதிப்பு அதிகம்?

விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த கரிசல் பூமி. சீமைக் கருவேலம் கண்மாய்களிலும் தரிசு நிலங்களிலும் தானே வளர்ந்து கிடக்கிறது. பருத்தி அறுவடைக்குப் பின் பருத்திமார் கிடைக்கும். விலை கொடுக்காமல் விறகு கிடைப்பதால், எரிவாயு இணைப்பு உள்ள வீட்டிலும் விறகடுப்பு எளிதில் நின்றுவிடுவதில்லை.

இந்தியாவில் தயாராகும் பட்டாசுகளில் பெரும்பகுதி சிவகாசி வட்டாரத்தில் உற்பத்தியாகிறது. இவ்வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களை நம்பியுள்ள சிற்றூர்கள் பல. ஆலை வண்டி வருவதற்கு முன் சோறும் குழம்பும் ஆக வேண்டும் என்பதால், பல வீடுகளில் விடியும் முன்பே கதவு சாத்திய நிலையில் அடுப்பு எரிகிறது. அந்த நேரத்தில் குழந்தைகளும் முதியவர்களும் அதே கூரையின் கீழ் உறங்கிக்கொண்டிருப்பர். பகலில் ஆலைத் தூளையும், காலையிலும் மாலையிலும் அடுப்புப் புகையையும் சுவாசிக்கும் பெண்ணின் நுரையீரலுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. மருத்துவரிடம் செல்லும்போது உங்கள் வேலை, வீட்டில் உள்ள அடுப்பு ஆகிய இரண்டையும் கூறுங்கள்.

கூடுதல் கவனம் தேவைப்படுவோர்:

- கர்ப்பிணிகள்,
- ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், குறிப்பாகத் தாயின் இடுப்பிலும் அடுப்பருகே தொட்டிலிலும் இருக்கும் கைக்குழந்தைகள்,
- ஆஸ்துமா, நுரையீரல் அடைப்பு நோய், காசநோய், இதய நோய் உள்ளவர்கள்,
- பகல் முழுவதும் வீட்டிலேயே இருக்கும் முதியவர்களும் படுக்கையில் இருக்கும் நோயாளிகளும்.

எரிவாயு இணைப்பு இருந்தும் புகை ஏன் நீங்கவில்லை?

தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு முதல் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்புடன் இலவச அடுப்பு வழங்கப்பட்டது. ஒன்றிய அரசின் பிரதமர் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று தொடங்கியது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், சமையலுக்குத் தூய எரிபொருளைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 82.9 விழுக்காடு, நாடு முழுவதற்கும் இது 58.6 விழுக்காடு.

இந்தக் கணக்கெடுப்பில் வீட்டின் முதன்மை எரிபொருளே கேட்கப்படுகிறது. எரிவாயுவை முதன்மையாகக் கொண்ட வீட்டிலும் இரண்டாவது அடுப்பு ஒன்று கொல்லையிலோ தாழ்வாரத்திலோ எரியலாம். பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள்: குளிக்க வெந்நீர், கால்நடைத் தீவனம் வேகவைத்தல், நெல் அவித்தல், விருந்து நாள் சமையல், மாதக் கடைசியில் உருளை தீர்ந்துபோதல்.

இந்த இரண்டாவது அடுப்பே பல வீடுகளில் நன்மையைக் குறைத்துவிடுகிறது. புகையின் அளவும் நோயின் அபாயமும் ஒரே விகிதத்தில் குறைவதில்லை. மிக அதிகமான புகையைப் பாதியாக்கினால் அபாயம் சிறிதளவே குறையும். எஞ்சிய பாதியையும் நீக்கும்போதுதான் பெரும்பயன் கிடைக்கும். எனவே, "இரண்டு வேளை எரிவாயு, ஒரு வேளை விறகு" என்ற பழக்கத்தில் நின்றுவிடாதீர்கள்.

தமிழ்நாட்டில் நடந்த ஆய்வுகள் கூறுவது என்ன?

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுத் தாய்மார் 1,285 பேரைப் பின்தொடர்ந்து 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்தில் சுவாசிக்கும் பி.எம். 2.5 அளவு 10 மைக்ரோகிராம் கூடும்போது குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைவதாகக் கண்டனர்.

அதன்பின் இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு 'ஹாப்பின்' என்ற பெரிய ஆய்வு நடைபெற்றது. இந்தியப் பகுதி விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளில் நடந்தது. ஒரு பிரிவினருக்கு எரிவாயு அடுப்பும் 18 மாதங்களுக்கு எரிவாயுவும் இலவசமாக வீட்டுக்கே வழங்கப்பட்டன. மற்றப் பிரிவினர் வழக்கம்போல் விறகில் சமைத்தனர். கர்ப்ப காலத்தில் விறகில் சமைத்த பெண்கள் சுவாசித்த காற்றில் பி.எம். 2.5 இடைநிலை அளவு 70.7 மைக்ரோகிராம், எரிவாயு பெற்றவர்களுக்கு 23.9 மைக்ரோகிராம். மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, உலக சுகாதார நிறுவனத்தின் முதல் இடைக்கால இலக்குக்கும் கீழே வந்தது.

ஆயினும் அந்த ஆய்வில் குழந்தைகளின் பிறப்பு எடையிலும், ஓராண்டுக்குள் வரும் கடுமையான நிமோனியாவிலும் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதிலிருந்து நீங்கள் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, எரிபொருள் தடையின்றிக் கிடைத்தால் கிராமத்து வீட்டிலும் புகையைப் பெருமளவு குறைக்க முடியும். இரண்டாவது, கர்ப்பம் தொடங்கிய பின் அடுப்பை மாற்றி உடனடிப் பலனை எதிர்பார்க்க இயலாது. திருமணமான பெண் கருவுறுவதற்கு முன்பே, நோய் வருவதற்கு முன்பே மாறுவது நல்லது.

நீண்ட காலப் பயனுக்கும் சான்று உண்டு. தென் சீனாவில் 12 கிராமங்களைச் சேர்ந்த 996 பேரை 2002 முதல் 2011 வரை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், விறகை விட்டுச் சாண எரிவாயுவுக்கு மாறி, சமையலறைக் காற்றோட்டத்தையும் மேம்படுத்தியவர்களுக்கு நுரையீரல் திறன் குறையும் வேகம் தணிந்தது. இழந்த திறன் திரும்பி வராது. எஞ்சிய திறனைக் காக்கலாம்.

எந்த அடுப்பைத் தேர்ந்தெடுக்கலாம்?

*சமையல் எரிவாயு.* புகை மிகக் குறைவு. எல்லாப் பாத்திரங்களுக்கும் பொருந்தும். 14.2 கிலோ உருளைக்கு ஒரே தவணையில் பணம் திரட்ட இயலாத தினக்கூலிக் குடும்பங்கள் 5 கிலோ உருளை குறித்து விநியோகஸ்தரிடம் கேட்கலாம்.

*மின் தூண்டல் அடுப்பு.* 'இண்டக்‌ஷன்' அடுப்பு எனப்படும் இதில் தீயும் புகையும் இல்லை. காந்தம் ஒட்டும் அடிப்பாகம் கொண்ட தட்டையான பாத்திரம் வேண்டும்; அலுமினியமும் மண்சட்டியும் சூடாகா. 1,500 வாட் அளவில் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒன்றரை யூனிட் மின்சாரம் செலவாகும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்பதைக் கணக்கில் கொள்ளலாம். பழைய கம்பி இணைப்பு உள்ள வீட்டில், அது இந்தச் சுமையைத் தாங்குமா என மின் பணியாளரிடம் உறுதி செய்தபின் வாங்குங்கள். இதயமுடுக்கி பொருத்தியவர்கள் மருத்துவரின் அறிவுரையைப் பெற வேண்டும்.

*சாண எரிவாயு.* நான்கைந்து மாடுகளும் போதிய நீரும் உள்ள வீட்டுக்கு ஏற்றது.

*மேம்படுத்தப்பட்ட விறகடுப்பு.* புகைபோக்கியுடனோ சிறு மின்விசிறியுடனோ வரும் அடுப்பு. மற்றவை கிட்டும்வரை இடைக்கால ஏற்பாடாகக் கொள்ளலாம். 1983இல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002 வரை நாடெங்கும் இத்தகைய அடுப்புகளை வழங்கியது. பின்னர் ஒடிசாவில் நடந்த ஆய்வொன்றில், புகைபோக்கி அடுப்பு பெற்ற வீடுகளில் முதல் ஆண்டில் குறைந்த புகை அடுத்தடுத்த ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்பியது. அடுப்பு பழுதாகிப் பராமரிக்கப்படாததும், பயன்பாடு குறைந்ததும் இதற்குக் காரணங்கள். நீங்கள் இத்தகைய அடுப்பு வைத்திருந்தால் புகைபோக்கியின் கரியை மாதந்தோறும் அகற்றுங்கள். வெடிப்பு விழுந்தால் உடனே மண் பூசி அடையுங்கள்.

*மண்ணெண்ணெய்.* கண்ணுக்குப் புகை குறைவாகத் தெரிந்தாலும் நுண்துகளும் நச்சு வாயுக்களும் வெளியாகின்றன. வீட்டில் இதனைப் பயன்படுத்துவதை உலக சுகாதார நிறுவனம் ஊக்குவிப்பதில்லை. தீக்காய ஆபத்தும் உண்டு.

விறகடுப்பை நிறுத்துவது எப்படி?

ஒரே நாளில் மாற இயலாவிடில் பின்வரும் வரிசையைப் பின்பற்றலாம்.

1. முதலில், வீட்டினுள் எரியும் விறகடுப்பை நிறுத்துங்கள். உறங்கும் இடத்தோடு ஒட்டிய அடுப்பே முதலில் அணைய வேண்டியது.
2. விடியற்காலைச் சமையலை எரிவாயுவுக்கோ மின் அடுப்புக்கோ மாற்றுங்கள். கதவு சாத்தியிருக்கும் நேரப் புகையே அதிகம் தேங்கும்.
3. வெந்நீர், தீவனம், நெல் அவித்தல் ஆகியவற்றை வீட்டை விட்டு விலகிய திறந்த வெளிக்கு மாற்றுங்கள். காற்று வீட்டை நோக்கி வீசாத பக்கமாக இடம் தேர்ந்தெடுங்கள். பின்னர் இவற்றையும் படிப்படியாகக் குறையுங்கள்.
4. எரிவாயுவைச் சிக்கனப்படுத்துங்கள். பருப்பையும் பயறையும் ஊறவைத்து வேகவையுங்கள், பாத்திரத்தை மூடி சமையுங்கள், குக்கரைப் பயன்படுத்துங்கள், கொதித்த பின் தீயைக் குறையுங்கள்.
5. அடுத்த உருளைக்கான தொகையை வாரக்கூலி வரும் நாளிலேயே சிறிது சிறிதாக ஒதுக்குங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவில் உள்ளவர்கள் இதற்கெனத் தனிச் சேமிப்பு வைக்கலாம்.
6. பக்கத்து வீட்டாரிடமும் பேசுங்கள். தெருவில் நான்கு வீடுகள் புகைந்தால் அப்புகை உங்கள் வீட்டுக்கும் வரும்.

இன்னும் விறகில் சமைக்க வேண்டியிருந்தால்

- நன்கு காய்ந்த, சிறிதாகப் பிளந்த விறகையே பயன்படுத்துங்கள். ஈரவிறகு மிகுந்த புகை தரும்.
- நெகிழிப் பை, ரப்பர், சாயம் பூசிய மரம், அச்சுக் காகிதக் கழிவு ஆகியவற்றை எரிக்காதீர்கள். தீ மூட்ட மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள்.
- எதிரெதிராக இரு சன்னல்களைத் திறந்து வையுங்கள். கூரையின் உச்சியில் புகை வெளியேற வழி இருக்கட்டும்.
- ஊதுகுழலால் ஊதுபவர் முகத்தை விலக்கி மூச்சை உள்ளிழுக்க வேண்டும்.
- குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்காதீர்கள். நோயாளியின் கட்டிலை அடுப்பங்கரையிலிருந்து தள்ளிப் போடுங்கள்.
- கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் கொசுவலையைப் பயன்படுத்துங்கள். குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தைத் தவிருங்கள். துவட்டிய பின் காற்றிலேயே தலை உலரும்.

இவை புகையைக் குறைக்கும், நீக்கிவிடா.

பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் வீடுகளுக்குச் சிறப்பு எச்சரிக்கை

- ஆலையில் உடுத்திய உடையில் மருந்துத் தூள் ஒட்டியிருக்கலாம். அந்த உடையுடன் அடுப்பருகே செல்லாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவி உடை மாற்றிய பின்னரே தீ மூட்டுங்கள். வேலை உடையை உதறாமல் தனியே நனைத்துத் துவையுங்கள்.
- ஆலையிலிருந்து கழிவுக் காகிதம், திரித்துண்டு, தீக்குச்சிக் கழிவு ஆகியவற்றை அடுப்பெரிக்கக் கொண்டுவராதீர்கள். அவை திடீரெனப் பற்றும். அவற்றின் புகையும் நச்சுடையது.
- வீட்டில் காகிதக் குழாய் சுற்றும் வேலை செய்தால், காகிதமும் பசையும் அடுப்பு இல்லாத அறையில் இருக்கட்டும்.
- உரிமம் இன்றி வீட்டில் பட்டாசு செய்வதும் வெடிமருந்து வைப்பதும் சட்டப்படி குற்றம். சமையல் தீயிலிருந்து பறக்கும் ஒரு பொறி போதும், குடும்பத்தையும் அண்டை வீடுகளையும் அழித்துவிட.

தீக்காயம் ஏற்பட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, எண்ணெய் எதையும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி, 108 ஊர்தியை அழையுங்கள்.

எரிவாயு உருளை குறித்த அச்சம்

வெடிவிபத்தை அருகிலிருந்து கண்ட ஊர்களில் எரிவாயு உருளையைக் கண்டு அஞ்சுவது இயல்பே. எளிய விதிகளைக் கடைப்பிடித்தால் இந்த ஆபத்தை மிகவும் குறைக்கலாம்.

- உருளையை நிமிர்த்தியே வைக்க வேண்டும். அடுப்பு அதனினும் உயரமான மேடையில் இருக்க வேண்டும்.
- ரப்பர் குழாயில் வெடிப்பு உள்ளதா என அடிக்கடி பாருங்கள்; ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.
- இரவிலும் வெளியே செல்லும்போதும் ரெகுலேட்டரை மூடுங்கள்.
- எரிவாயு உள்ள அதே அறையில் விறகடுப்பு எரியக்கூடாது.
- வாயு கசியும் வாசனை வந்தால் தீக்குச்சி கிழிக்காதீர்கள். மின் பொத்தான்களைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். இந்த எண் 24 மணி நேரமும் இயங்கும்.

நோயாளியைப் பராமரிப்போர் கவனத்திற்கு

- அடுப்பை மாற்றியபின் மூச்சு எளிதானாலும், மருத்துவர் கூறாமல் இன்ஹேலரையோ மாத்திரையையோ நிறுத்தாதீர்கள்.
- நோயாளி தாமே சமைப்பவராக இருந்தால், மாற்று ஏற்பாடு ஆகும் வரை விறகடுப்பு வேலையை வீட்டில் உள்ள மற்றவர் ஏற்க வேண்டும், ஆண்களும் ஏற்கலாம். மீண்டும் மீண்டும் புகையில் நின்றால் மருந்தின் பயன் குறையும்.
- வீட்டில் ஆக்சிஜன் பெறும் நோயாளி எவ்வகைத் தீயிலிருந்தும் குறைந்தது 3 மீட்டர் விலகியிருக்க வேண்டும். விளக்கேற்றுதல், ஊதுபத்தி, பீடி ஆகியவையும் இதில் அடங்கும்.
- வீட்டில் எவரும் பீடி, சிகரெட் பிடிக்கக்கூடாது.
- நுரையீரல் அடைப்பு நோயை உறுதி செய்ய ஊதிப் பார்க்கும் 'ஸ்பைரோமெட்ரி' பரிசோதனை உண்டு. இதுவரை செய்திராவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள்.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

*உடனடியாக (108 அழைக்கவும்):* பேச முடியாத அளவு மூச்சுத்திணறல். உதடு அல்லது நகம் நீலமாதல். நெஞ்சை அழுத்தும் வலி. முகம் கோணுதல் அல்லது ஒரு பக்கக் கைகால் செயலிழத்தல். மூடிய அறையில் அடுப்பு எரிந்தபோது தலைவலி, வாந்தி, மயக்கம். இறுதியாகக் கூறியது கார்பன் மோனாக்சைடு நச்சாக இருக்கலாம். முதலில் அனைவரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள்.

*குழந்தைகளுக்கு:* இருமலோ சளியோ உள்ள குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடத்திற்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஓராண்டுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ சிறிதும் தாமதிக்கக்கூடாது.

*சில நாட்களுக்குள்:* இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். சளியில் இரத்தம், எடை குறைதல், நடக்கும்போது கூடிவரும் மூச்சிரைப்பு ஆகியவையும் பரிசோதனைக்கு உரியவை.

உதவி பெறும் வழிகள்

*எரிவாயு இணைப்பு:* வீட்டில் யார் பெயரிலும் இணைப்பு இல்லாத ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்த, 18 வயது நிறைந்த பெண், பிரதமர் உஜ்வலா திட்டத்தில் விண்ணப்பிப்பது குறித்து அருகிலுள்ள எரிவாயு விநியோகஸ்தரிடம் கேட்கலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இத்திட்டப் பயனாளிகளுக்கு 2023 அக்டோபர் முதல் 14.2 கிலோ உருளை ஒன்றுக்கு ரூ.300 மானியம் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. ஓராண்டில் எத்தனை உருளைகளுக்கு மானியம் என்பது ஆண்டுதோறும் அறிவிக்கப்படும்.

*மருத்துவம்:* முதலில் உங்கள் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். மேல்சிகிச்சைக்கு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மாவட்டத்தின் பிற அரசு மருத்துவமனைகளும் உள்ளன. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளரும் குடும்பத்தினரும் சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். நடக்க இயலாத நோயாளிகள் வீட்டில் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளரிடம் தெரிவியுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*நாற்பது ஆண்டுகள் விறகில் சமைத்துவிட்டேன். இனி மாறி என்ன பயன்?*
பயன் உண்டு. புகை நின்றபின் கண் எரிச்சலும் இருமலும் தணியத் தொடங்கும்; நுரையீரல் மேலும் கெடும் வேகம் குறையும். உங்களுடன் வாழும் பேரக்குழந்தைகளுக்கும் அது நன்மை.

*விறகில் சமைத்தால்தான் ருசி என்கிறார்களே?*
மண்சட்டிக் குழம்பையும் கம்பங்கூழையும் எரிவாயு அடுப்பிலேயே சமைக்கலாம். குறைந்த தீயில் அதிக நேரம் வைத்தால் சுவை கூடும்.

*அடுப்பு கொல்லையில்தான் எரிகிறது. அப்போதும் தீங்கா?*
வீட்டினுள் எரிவதைவிடத் தீங்கு குறைவு. ஆயினும் அருகில் நின்று ஊதி எரிப்பவர் அப்புகையைச் சுவாசிக்கிறார். அண்டை வீடுகளுக்கும் அது பரவுகிறது.

*உருளைக்குப் பணம் போதாத மாதத்தில் என்ன செய்வது?*
இருக்கும் எரிவாயுவை விடியற்காலைச் சமையலுக்கும், நோயாளியோ குழந்தையோ வீட்டில் இருக்கும் வேளைக்கும் ஒதுக்குங்கள். விறகு தேவைப்படும் வேலையை வெளியே செய்யுங்கள். அடுத்த மாதம் அந்த வேலையிலும் ஒன்றைக் குறையுங்கள்.

இப்பக்கம் பொதுவான தகவலுக்கானது. உங்கள் நோய்க்கான சிகிச்சையை மருத்துவரின் அறிவுரைப்படியே மேற்கொள்ளுங்கள்.